இரண்டாம் மணி

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து காலம் தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை தலையில் பூ இல்லை, குழம்பில் மீன் இல்லை. மீனை விடுவது எனக்குக் கஷ்டமே இல்லை. மீன் இல்லாத சட்டியைப் பார்த்து என் வீட்டுக்காரர் விடும் பெருமூச்சைத் தாங்குவதுதான் எனக்குத் தபசு. சற்குணம் ஓய்வுபெற்ற கண்டக்டர். முப்பது வருஷம் எல்லாரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு, இப்போது அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

நாளையிலிருந்து கோயிலில் அதிகாலை ஜெபம். நாலரைக்கு முதல் மணி, ஐந்துக்கு இரண்டாம் மணி. இரண்டாம் மணி ஓயும்போது நான் முன்வரிசையில் நின்று பாட்டைத் தொடங்க வேண்டும். இந்தக் கிருபாபுரம் சபையில் இருபத்திரண்டு வருஷமாக லெந்து காலத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் தையல்கார எப்சிபா. ஒரு நாள் பிந்தியதில்லை. ஜெப நாள் ஒன்றுகூடத் தவறாமல் வந்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஈஸ்டர் அன்று ஓர் எவர்சில்வர் தட்டு உண்டு. என் அலமாரியில் இருபத்திரண்டு இருக்கின்றன. அதை எண்ணுவதே பெருமை என்று ஐயர் சொல்வார். (சென்னை மருமகன் என்றைக்காவது இதைப் படித்தால் குழம்பக் கூடாது. எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியை ஐயரம்மா என்று.)

பெரிய வெள்ளிக்கு ஆள் போட்டாகிவிட்டது. சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைக்கும் ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷச் செய்தி. பெண்கள் சங்கத்துக்கு வழக்கம்போல ஐந்தாவது, அவர் தாகம் என்று சொன்னது. ஒரே வார்த்தையில் முடிந்துவிடும், சின்னது. பெண்களுக்கு அது போதும் என்பது சபைச் செக்ரட்டரி தங்கையா அண்ணாச்சியின் கணக்கு. இந்த வருஷமும் சங்கத்தின் சார்பில் நான்தான். சின்ன வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுகிறேன் என்று பார்க்கட்டும்.

மார்ச் 2, வியாழன்

ஜெபத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன்.

போகிற வழியில், ரேஷன் கடை முக்கில், கீரைக்கார முப்பிடாதியை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டது. டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பிறகு ஆம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லையாம்.

கார் தங்கையா அண்ணாச்சியுடையது. ஓட்டியது அவர் மகன் ரூபன். விளக்குக் கம்பத்தடியில் இறங்கி நின்றான், முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு ஏறிப் போய்விட்டான்.

இன்று என் குரல் ரொம்ப நன்றாக இருந்தது என்று ஐயரம்மா சொன்னார்கள்.

உளுந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 3

ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். திரும்பவும் அப்படியே தைத்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனையில் தங்கையா அண்ணாச்சி அறிவிப்பு வாசித்தார். "நம்ம ஊர் முப்பிடாதி அம்மா லாரி மோதி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், சபையார் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்ததாகப் பாடகர் குழுப் பயிற்சி நேரத்தை வாசித்தார்.

லாரியாம்! தகரத்தைத் தட்டினால்கூடச் சத்தம் வரும், அந்த முகத்தில் ஓர் அசைவு வரவில்லை. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சற்குணத்திடம் சொன்னேன்.

"ரூபன்தான். நான் பாத்தேன்."

"பாத்தியா? அப்ப போலீஸ்ல போய்ச் சொல்லு. லாரின்னு எழுதிக் கேஸை மூடிட்டாம்னா அந்தப் பொம்பளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"சொல்லத்தான் போறேன்."

"இன்னைக்கே போவமா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மார்ச் 9

பெண்கள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முப்பிடாதி என் வயதுக்காரிதான், ஆனால் கட்டிலில் பார்த்தால் பத்து வயது கூட்டிச் சொல்லலாம். தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவள் மகள் இசக்கி மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட இருக்கிறாள்.

"லாரியாம்மா?" என்று ஐயரம்மா கேட்டார்கள்.

"லாரியா காரா, எனக்கு என்ன தெரியும்? பின்னால வந்து அடிச்சிட்டு. முகங்குப்புறக் கெடந்தேன். ஆனா ஒண்ணு யக்கா, யாரோ பக்கத்துல வந்து நின்னாவ. செருப்புச் சத்தம் கேட்டுது. தண்ணி கேட்டேன். உங்க கோயில் மணி அடிச்சுது. அப்புறம் அந்தச் செருப்புச் சத்தம் போயிட்டு."

நான்தான் பேசினேன். "மயக்கத்துல அப்படித்தான் என்னென்னமோ கேக்கும்" என்றேன்.

திரும்பி வந்ததும் செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். "நல்லாத்தான இருந்துது?" என்று சற்குணம் கேட்டார். வார் அறுந்துவிட்டது என்றேன்.

மார்ச் 14

சாயங்காலம் ஐயரும் தங்கையா அண்ணாச்சியும் வீட்டுக்கு வந்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். காப்பி கொடுத்தேன், நேற்றைய முறுக்கை வைத்தேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி மழை வராததைப் பற்றிப் பேசினார். ஐயர் என் தையல் மிஷினைப் புகழ்ந்தார். கடைசியில் ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று எழுந்தார்கள்.

ஐயர் நல்ல மனுஷர். ஆனால் சபைச் செக்ரட்டரி இருமினால் இவருக்குச் சளி பிடித்துவிடும். கண்ணை மூடி எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்கு, மிஷினுக்கு, சென்னையில் இருக்கும் மகளுக்கு, அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. அப்புறம் அதே ராகத்தில், குரல் கொஞ்சமும் மாறாமல், "அந்த அதிகாலை இருட்டில் எதையும் தெளிவாகக் காணாத உம்முடைய அடியாளின் மனக்குழப்பத்தை நீக்கி, சபையின் சமாதானத்தைக் காத்தருளும் பிதாவே" என்றார்.

"ஆமென்" என்றேன்.

ஐம்பது வருஷப் பழக்கம். ஜெபம் முடிந்தால் வாய் தானாகச் சொல்லும். என்ன ஜெபித்தார் என்று மூளை வந்து பார்ப்பதற்குள் நாக்கு முடித்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது தங்கையா அண்ணாச்சி முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் தொடாத முறுக்கு.

மார்ச் 19, ஞாயிறு

ஊர் முழுக்க என் ஆமென் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயிலில் ஒருத்தி, "நீயே ஆண்டவர் சமுகத்துல ஆமென் சொல்லிட்டியாம, இனி அதுக்கு மேல என்ன இருக்கு?" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். இன்னொருத்தி, "கிறிஸ்தவங்கன்னா ஒருத்தரை ஒருத்தர் மன்னிக்கணும்" என்றாள். அடிபட்டவள் அங்கே படுத்துக் கிடக்கிறாள். அவளுக்குப் பதிலாக மன்னிக்கிறதுக்கு எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அடுத்த வீட்டு ஆட்டைப் பிடித்துக் காணிக்கை போடுகிற கதையாக இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் நேரே தங்கையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்த ஆமெனை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். ரூபனை நான் பாத்தேன். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லப் போறேன். நீங்களே கூட்டிட்டுப் போனா நல்லது."

அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து அதிகாலை ஜெப நோட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். மார்ச் இரண்டு. பாட்டெடுப்பவளுக்கென்று விட்ட முதல் வரியில் என் கையெழுத்து.

"இரண்டாம் மணி முடியும்போது நீ பாட்டெடுத்துக் குடுத்த, எப்சிபா. நூறு பேரு சாட்சி. அந்தப் பொம்பளை கெடந்தது அஞ்சரை வரைக்கும். பால்வண்டிக்காரன் பாத்துத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். இப்ப நீ என்ன சொல்லப் போற? பாக்கலன்னு சொன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. பாத்தேன்னு சொன்னா, பாத்துட்டு என்ன செஞ்சன்னு கேப்பாவ. கேக்க மாட்டாவளா?"

நோட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உன் பேரைக் காப்பாத்தத்தாம்மா நான் சொல்லுதேன்" என்றார். குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 20

மத்தியானம் சாப்பிடும்போது சற்குணம் கேட்டார். "எப்சி, டீக்கடைக்காரனைப் பாத்தேன். அன்னைக்கு அவன் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு உடன்குடி போயிருந்தானாம். அவன்ட்ட சொன்னேன்னியே, நீ யாருட்ட சொன்ன?"

மாங்காய் வெட்டி உப்பில் போட்டேன். மிளகாய் வற்றல் காயவைத்தேன். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் நம் வீட்டில் செக்கில் ஆட்டியதுதான் போடுவது. வெந்தயம் வறுக்கும்போது கருகிவிட்டது.

மார்ச் 22

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலேயே பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மையை எழுதுவது?

அன்று ரூபன் போன பிறகு நான் முப்பிடாதி பக்கத்தில் போனேன். கீரைக்கட்டு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் முகம் மண்ணில் இருந்தது. "யக்கா, தண்ணி" என்றாள். என் கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாட்டுக்கு முன்னால் தொண்டையை நனைக்க எப்போதும் வைத்திருப்பேன், வெந்நீர். பையைத் திறக்கக் கை போனது. இரண்டாம் மணி அடித்தது.

நான் போய்விட்டேன்.

டீக்கடை பூட்டிக் கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். நான் போகாவிட்டால் யார் பாட்டைத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கடைசி முந்நூறு அடியை ஓடினேன். முன்வரிசையில் நின்று, பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்துவிட்டு, ஆண்டவருடைய இரக்கத்தைப் பற்றிப் பாடினேன். நூறு பேரும் என் பின்னால் பாடினார்கள்.

அடிபட்டவனைப் பார்த்துவிட்டு விலகிப் போகிறவர்களின் கதையை ஞாயிறு பள்ளியில் பதினெட்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும், "இவங்கள்லாம் ஏன் நிக்கல, பிள்ளைகளே?" என்று கேட்பேன். பிள்ளைகளும், "கல் நெஞ்சு டீச்சர்" என்று கத்துவார்கள். கல் நெஞ்சு இல்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சற்குணத்தைக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "முதல்ல அந்தப் பொம்பளைட்ட போய்ச் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 23

ஜெபத்துக்குப் போகவில்லை. இந்த வருஷத் தட்டு போயிற்று.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பத்து நாளாகப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறேன். வாய்ச்சொல்லில் வீராங்கனை. முப்பிடாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பவனி முடிந்து கையில் ஓலையோடு நின்றபோது ஐயர் வந்தார். "அம்மா, வெள்ளிக்கிழமைச் செய்தியை இந்தத் தடவை வேற யாருக்காவது கொடுத்திரலாமான்னு செக்ரட்டரி கேக்காரு. உங்களுக்கும் உடம்பு சரியில்லன்னு..."

"என் உடம்புக்கு ஒண்ணுமில்ல ஐயா."

"சபையில சமாதானம் வேணும்லா."

"வாயை மூடிக்கிட்டு இருக்கதுக்குப் பேரு சமாதானம்னா, கல்லறைத் தோட்டத்துலதான் ஐயா நிறையக் கெடக்கு. நோட்டீஸ்ல என் பேரை அச்சடிச்சாச்சு. நான்தான் பேசுவேன். வேண்டாம்னா நீங்களே பீடத்துல ஏறி, எப்சிபா பேசக் கூடாதுன்னு காரணத்தோட சொல்லுங்க."

அவர் குருத்தோலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நான் சொல்ல மாட்டேம்மா" என்றார். இன்றைக்கு அவருக்கு அதுவே பெரிய தைரியம்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை. முப்பிடாதி சுவரில் சாய்ந்து படுத்திருந்தாள். ஜெபிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அந்தச் செருப்பு என்னுது."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். புதுச் செருப்பை வாசலில் விட்டிருந்தேன். வெறும் காலைப் பார்த்தாள். அடித்தது ரூபன் என்றும் சொன்னேன், ஸ்டேஷனில் சொல்லப் போவதையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"மயக்கம்னு சொன்னியள்லா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஆஸ்பத்திரியில. எனக்கே புத்தி பேதலிச்சுட்டோன்னு பயந்துட்டேன்."

நான் அழுதேன்.

"அழாதிய. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. மக விடியக்காலம் நாலரைக்கு மில்லு வண்டிக்குப் போயிருவா. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி எந்திரிக்க வரைக்கும் ஒருவாய் தண்ணி குடுக்க ஆளு கெடையாது. தெரிஞ்சுகிட்டியள்லா? அந்த நேரத்துக்கு வாங்க. உங்க கோயில்ல மணி அடிக்க நேரத்துக்கு வாங்க, பாப்போம்."

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

காலையில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். தண்ணீர் கொடுத்தேன், கட்டிலோர மூத்திரச் சட்டியைக் கழுவி வைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. முதல் நாலு வார்த்தைக்கும் நாலு ஆண்கள் பத்து நிமிஷத்துக்குப் பதில் இருபது நிமிஷம் பேசினார்கள். ஐந்தாவதுக்கு நான் போனேன். போன வருஷம் செய்தி எழுதி வைத்த தாளைக் கையில் எடுத்துப் போகவில்லை.

"ஆண்டவர் தாகம்னு சொன்னதைப் பத்தி இந்த இடத்துல நின்னு ஏழு தடவை பேசியிருக்கேன். போன மாசம் ரெண்டாம் தேதி, ரேஷன் கடை முக்குல ஒரு பொம்பளை என்கிட்ட தண்ணி கேட்டா. என் பையில தண்ணி இருந்துது. குடுக்காம நான் இங்க வந்து பாடுனேன். நீங்க எல்லாரும் நல்லா இருந்துதுன்னு சொன்னிய."

பின்வரிசைவரை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே சொன்னேன்.

"முப்பிடாதியை அடிச்சது லாரி இல்ல. கார். யாரு ஓட்டுனான்னு நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன், பீடத்துல நின்னு பேரு சொல்ல மாட்டேன், ஏன்னா இன்னைக்கு நான் என் பாவத்தைச் சொல்ல வந்திருக்கேன், அடுத்தவன் பாவத்தை இல்ல. ஆனா என் வீட்டு ஜெபத்துல நான் சொன்ன ஆமென் பொய். அதை இங்க, உங்க எல்லாருக்கும் முன்னால, ஆண்டவருக்கும் முன்னால, திரும்ப எடுத்துக்கிடுதேன்."

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. சின்ன வார்த்தைக்கு அது போதும். ஐயர் ஜெபிக்க எழுந்தார், ஜெபிக்காமலே உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் ரூபன் எழுந்து வெளியே போனான்.

வாசலில் தங்கையா அண்ணாச்சி நின்றார். "இருபது வருஷப் பேரை மூணு நிமிஷத்துல கெடுத்துக்கிட்டியே" என்றார்.

"இருபத்திரண்டு அண்ணாச்சி" என்றேன்.

ஏப்ரல் 8, சனி

ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தேன். சற்குணம் கூட வந்தார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, "நீங்க விட்டுட்டுப் போனதை எழுத வேண்டாம்மா, அது கேஸுக்குத் தேவையில்ல" என்றார். எழுதச் சொன்னேன். அவர் தயங்கினார். "எழுதுங்க சார், இவ விட மாட்டா" என்றார் சற்குணம். எழுதினார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கோயில் சுவரில் நாளைக்கான அட்டவணை ஒட்டியிருந்தது. பாட்டெடுப்பது வேறு பெயர்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

நாலரைக்குப் புறப்பட்டேன். அலமாரியிலிருந்து தட்டு ஒன்றை எடுத்து, அதில் நாலு இட்லியும் சட்னியும் வைத்து மூடிக்கொண்டேன். ஊரே வெள்ளைச் சேலையும் மல்லிகையுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிலர் என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்கள், சிலர் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டார்கள். ரேஷன் கடை முக்கைத் தாண்டி நான் மறுபக்கம் திரும்பினேன்.

முப்பிடாதிக்கு முகம் கழுவிவிட்டேன். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. எண்ணெய் தொட்டு, பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவத் தொடங்கினேன். தட்டைப் பார்த்தாள். அதில் சபைப் பேரும் வருஷமும் வெட்டியிருக்கும்.

"பரிசா?"

"ஆமா. நேரத்துக்குப் போனதுக்கு."

அவள் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பா, வெறுப்பா தெரியவில்லை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுத் தின்றாள். உப்புக் குறைவு என்றாள்.

பாதித் தலை சீவியிருந்தேன். இரண்டாம் மணி அடித்தது. என் கால் பழக்கத்தில் அசைந்தது. அவள் அதைக் கவனித்தாள், தின்பதை நிறுத்தினாள். இரண்டு பேரும் அந்த மணியைக் கேட்டோம்.

"மணி அடிக்காவ" என்றாள்.

"அடிக்கட்டும்" என்றேன். "தலையை ஆட்டாம இரி."

மணி ஓய்ந்தது. வேறு யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். சுருதி கொஞ்சம் உயரம், ஆனால் சரியாகத்தான் தொடங்கினார்கள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத் தலையைச் சீவினேன்.